வலப்பக்கத்து முன் இருக்கை

ஒட்டுப்பசையின் மணம் மூக்கில் நிற்பதில்லை, நேரே நெற்றிக்கு ஏறிவிடும். அதோடு யார் யாரோ முப்பது வருடம் உட்கார்ந்து எழும்பிய பழைய இருக்கைப் பஞ்சின் புழுங்கலும், எலிப் புழுக்கையும், வெயில் பட்ட கராஜ் தகரத்தின் சூடும் சேர்ந்தால் வருகிற மணம்தான் என் பன்னிரண்டாவது வயதுக் கோடை விடுமுறையின் மணம். அது நல்ல மணம் என்று நான் சொல்லவில்லை. சப்பாத்துத் திருத்தும் கடை ஒன்றைக் கடக்கும்போது இப்போதும் அந்தப் பசை மணம் வந்தால், மற்றவர்களுக்கு இளமைக்காலம் நினைவுக்கு வந்து கண் கலங்குமே, எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆறிய பிறகு எழுதலாம் என்று இருபத்தைந்து வருடம் பார்த்தேன். ஆறவில்லை, ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நாங்கள் ஜெர்மனியிலிருந்து வந்து லண்டனில் நோர்பரியில் குடியேறி இரண்டு வருடம்கூட ஆகாத காலம் அது. அப்பா, அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி. அப்பாவுக்குப் பாண் தொழிற்சாலையில் விடியற்காலை ஷிப்ட். ஜெர்மனியில் கார் ஓடப் பழகியவர் என்பதால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால்தான் கைகால் ஒழுங்காக வேலை செய்யும் என்று சொல்லிச் சொல்லியே இங்கே கார் வாங்காமல் பஸ்ஸில் போய்வந்தவர், ஒருநாள் பின்னேரம் தெருவே அதிரும் சத்தத்தோடு ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். நீண்ட மூக்கு, அகன்ற பின்பக்கம், எட்டுச் சிலிண்டர், கன்னங்கரிய நிறம். அமெரிக்காவில் செய்த பழைய கார், ஆகவே ஸ்டியரிங் இடப்பக்கம். அயல்வீட்டுப் பெடியன்கள் சைக்கிளை நிலத்தில் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார்கள். அம்மா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உந்த எருமையை எங்க கட்டப்போறியள்?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு "எருமை" என்றுதான் பெயர்.

எருமையின் என்ஜினில் ஒரு குறையும் இல்லை. உள்ளேதான் கண்கொண்டு பார்க்க முடியாது. ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்த இருக்கைகள் சுருட்டுப் புகை குடித்துப் பழுப்பேறி, தையல் விட்டுக் கிழிந்து கிடந்தன. கூரைத் துணி தொட்டில் மாதிரித் தொங்கியது. கீழ்க் கம்பளம் உக்கிப்போய், காலை வைத்தால் "சளக்" என்று ஒரு சத்தம். அப்பா அன்று சோபாக் குஷன் ஒன்றை அடியில் போட்டுக்கொண்டுதான் ஓட்டி வந்திருந்தார். ஒரு கடையில் போய், உள்வேலை முழுவதும் செய்ய எவ்வளவு காசு கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வந்து இரண்டு நாள் கணக்குப் பார்த்தார். மூன்றாம் நாள் பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, "நாங்களே செய்வம், பிள்ளை" என்றார்.

என்னைக் கூப்பிட்டதில் பாசம் மட்டும் இல்லை, தேவையும் இருந்தது. தபாலில் எடுத்த புது வெள்ளை உறைகளோடு வந்த வேலை விளக்கப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவுக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். ஆகவே நான் புத்தகத்தை வாசித்துச் சொல்ல வேண்டும், அவர் செய்ய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இரண்டே நாளில் அது மாறிவிட்டது. இருக்கை உறையை இழுத்து உள்ளிருக்கும் சுருள் கம்பியோடு பிணைப்பதற்குச் சின்னச் சின்ன இரும்பு வளையங்கள் இருக்கும், ஒரு இருக்கைக்கு நாற்பதுக்கு மேல். அந்த வளையத்தைக் குறட்டில் பிடித்து, உறையின் ஓரத்தையும் கம்பியையும் ஒன்றாகக் கவ்வ வைத்து நெரிக்க வேண்டும். மாப் பிசைந்து தடித்த அப்பாவின் விரல்கள் அந்த இடுக்குக்குள் போகவில்லை. என் விரல்கள் போயின. அதன் பிறகு வளைய வேலை முழுவதும் என்னுடையது.

இருவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான் அந்த வேலையின் சந்தோஷம். முதல் உறையைத் தலைகீழாகப் போட்டுப் பாதி வேலை முடிந்த பிறகு கண்டுபிடித்தோம். கதவின் உட்பலகை காய்ந்து வெடித்திருக்கிறதே என்று அம்மா இரக்கப்பட்டு, எங்களிடம் சொல்லாமல் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டார். பிறகு எந்தப் பசையும் அதில் ஒட்டவில்லை. புது உறை சுருங்கி வந்தது, இழுபடவில்லை. வெயிலில் விரித்து வைத்தால் இளகும் என்று புத்தகம் சொன்னது. புத்தகம் எழுதியவர் வேறு எங்கோ வெயிலுள்ள ஊரில் இருந்திருக்க வேண்டும். இங்கே மூன்று நாள் மழை. அப்போது இடியப்பம் அவிக்கிற பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து அந்த ஆவியில் பிடித்துப் பார்க்கலாம் என்று சொன்னது நான். அடுப்படியில் ஒரு பெரிய வெள்ளை உறையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். அது பிட்டு மாதிரி இளகி வந்தது. அம்மா ஒரு கிழமைக்கு அந்தப் பானையில் சமைக்கவில்லை.

ஒருநாள் குறடு வழுக்கி வளையத்தின் கூர் முனை என் இடது பெருவிரலைக் கிழித்தது. அப்பா பதறி வேலையை நிறுத்தப் பார்த்தார். நான் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, இரத்தம் உறையில் படாமல் கையை உயர்த்திப் பிடித்தபடி அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். எனக்கு அந்த வெள்ளை நிறத்தின்மீது அவ்வளவு கவனம்.

அப்பா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். எல்லாம் முடிந்து முதல் தரம் காரை வெளியே எடுக்கும்போது முன் இருக்கையில் நான்தான் இருப்பேன். லண்டன் ரோட்டில் இறங்கி, தோர்ன்டன் ஹீத் பொண்ட் சுற்றுவட்டத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருவோம். இதில் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். ஸ்டியரிங் இடப்பக்கம் என்றால் பக்கத்து இருக்கை வலப்பக்கம். இந்த ஊரில் வலப்பக்கம் இருப்பவர்தான் சாரதி. பஸ் தரிப்பில் நிற்பவர்களின் கண்ணுக்கு, பன்னிரண்டு வயதுப் பெட்டை ஒருத்தி அந்தப் பெரிய கறுப்புக் காரை ஓட்டிக்கொண்டு போகிறாள் என்றுதான் தெரியும். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போவேன் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். அப்பாவும் அதைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதனாலேயே அந்த வலப்பக்கத்து இருக்கையைக் கடைசி வேலையாக வைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் நானே முழுவதும் செய்தேன். அதைத் தூக்கிவைத்து நான்கு ஆணி பூட்டுவது மட்டும்தான் பாக்கி. புது இருக்கைகள் அழுக்காகாமல் கண்ணாடிப் பிளாஸ்டிக் தாள் வாங்கி, எங்கள் வீட்டு சோபாவுக்குப் போட்டதுபோலவே வெட்டிப் போர்த்தியும் வைத்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் நான் பெரியபிள்ளை ஆகிவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வயிற்றுவலியோடு வந்து அம்மாவிடம் சொன்ன அந்த நிமிடத்திலிருந்து நான் "துடக்கு". மாடியில் பின்னறையில் இருக்க வேண்டும். வேறு கோப்பை, வேறு பாய். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்க வேண்டும், உழுத்தங்களி தின்ன வேண்டும். ஆண்கள் முகத்தில் முழிக்கக் கூடாது, சாமான்களைத் தொடக் கூடாது. நான் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அந்த சீற்றை ஆர் பூட்டுறது?" என்பதுதான். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "குமர்ப்பிள்ளைக்குக் கராஜுக்குள்ள இனி என்ன வேலை?" என்றார். ஒரே காலையில் எனக்கு அங்கே இருந்த வேலை எல்லாம் போய்விட்டது.

அடுத்த நாளே பாரிஸிலிருந்து மாமா மாமியோடு வந்து இறங்கினார். அம்மாவின் அண்ணன். எங்களை ஐரோப்பாவுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அவர்தான் என்பதால் எங்கள் வீட்டில் அவர் இருமினால்கூட எல்லோரும் எழும்பி நிற்பார்கள். போதாததற்குச் சாமத்தியச் சடங்கில் தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை. தேங்காய் உடைப்பதும் அவர், தலையில் பாலும் அறுகும் வைப்பதும் அவர். தெற்கு லண்டனில் விழா ஹோல் ஒன்றைப் பிடித்து, வீடியோக்காரரைப் பிடித்து, மூன்றாம் வாரத்துச் சனிக்கிழமைக்கு எல்லாவற்றையும் அவரே ஒழுங்குபடுத்தினார். பிறகு கராஜுக்குள் போய் எருமையைப் பார்த்தார். "பிள்ளையை இதிலதான் கொண்டுபோறம், மச்சான். ஆக்கள் வாயைப் பிளக்கவேணும்" என்று அவர் அப்பாவிடம் சொன்னது மாடிவரை கேட்டது.

பின்னறை யன்னலால் பார்த்தால் கராஜ் வாசல் நேரே தெரியும். என் இருக்கையை அப்பா ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதை நான் அந்த யன்னலில் நின்று பார்த்தேன். மாமாதான் ஆணி பூட்டினார். அப்பா ஒருதரம் நிமிர்ந்து யன்னலைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். போய் நாலு ஆணி பூட்டிவிட்டு வருகிறேன் என்று அழுதேன், கதவில் உதைத்தேன். இவ்வளவு ஆட்டம் நல்லதுக்கில்லை என்று மாமி கீழேயிருந்து சத்தம் போட்டார்.

சனிக்கிழமை வந்தது. சேலை, நகை, தலைக்கு மேலே இரண்டு கிலோப் பூ. கார்க் கதவைத் திறந்ததும் நான் நினைத்து வைத்திருந்தபடி முன்பக்கம் போனேன். மாமி என் தோளைப் பிடித்துத் திருப்பினார். முன்னால் மாமா இருப்பாராம், தாய்மாமன்தான் பிள்ளையை அழைத்துப் போக வேண்டுமாம். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பொத்தானை அவ்வளவு நேரம் பூட்டிய மனிதரை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை.

பிளாஸ்டிக் தாள் மின்னுகிறது, படத்துக்கு வடிவில்லை என்று வீடியோக்காரர் சொல்ல, மாமா அதைப் பிடித்து ஒரே இழுவையில் உரித்து வாசலில் போட்டார். முன் கண்ணாடிக்குக் கீழுள்ள பலகைக்கு நான் மூன்று நாள் இருந்து ஒட்டிய புது உறையில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள், நல்ல காரியமாம். பிறகு மாமி மஞ்சள் தண்ணீர்ச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஏறினார். ஹோல் வாசலில் தெளிப்பதற்கு அது வேண்டும். மஞ்சள் தண்ணீரை விளிம்புவரை நிறைத்து, மூடி இல்லாத செம்பில், வெள்ளை இருக்கையில், எட்டுச் சிலிண்டர்க் காரில் கொண்டுபோகும் புத்தி எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கு வரும்?

லண்டன் ரோட்டில் இறங்கினோம். பஸ் தரிப்பில் நின்றவர்கள் வாயைப் பிளந்துதான் பார்த்தார்கள். வலப்பக்கம், என் இருக்கையில், மாமா யன்னலைத் திறந்து கையை வெளியே போட்டுக்கொண்டு, கூலிங் கிளாஸோடு எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். நான் பின்னால், தலையைக் குனிந்து இருக்கச் சொன்னதால் என் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தோர்ன்டன் ஹீத் பொண்ட் சுற்றுவட்டத்தில் எருமை திரும்பியபோது செம்பு சரிந்தது.

மஞ்சள் தண்ணீர் முழுவதும் இருக்கையில் ஊற்றி, தையல் வழியே ஓடியது. நான் சேலைத் தலைப்பால் ஒற்றப் போனேன். "விடு, சாறி பழுதாப்போம்!" என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். துணியால் உடனே ஒற்றினால் போகும், இரண்டு நிமிடம் விட்டால் உள்ளே இறங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காரில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அப்பாவும். "அப்பா, நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். அப்பா கண்ணாடியில் பார்த்தார். இருக்கையையும் பார்த்தார், என் கையை மாமி பிடித்திருப்பதையும் பார்த்தார், என் கண்ணையும் பார்த்தார். "நேரம் போகுது, ஓடுங்கோ மச்சான்" என்றார் மாமா. அப்பா கியரை மாற்றினார். கார் வேகம் எடுத்தது.

இவ்வளவுதான் நடந்தது. யாரும் சாகவில்லை, யாரும் யாருக்கும் அடிக்கவில்லை. ஹோலில் முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். வடிவான பிள்ளை என்றார்கள், கொஞ்சம் முகத்தை உம்மென்று வைத்திருக்கிறாள் என்றார்கள். எனக்கு அன்று வந்த கோபம் மஞ்சளுக்காக இல்லை. ஒரு கோடை முழுவதும் "நாங்கள்" என்று சொன்ன மனிதர் ஒரு சுற்றுவட்டத்தில் என்னைப் பின்னால் வைத்துவிட்டு மற்றப் பக்கம் போய்விட்டார்.

அதன் பிறகு அந்தக் காரில் நான் ஏறவில்லை. கறையை அப்பா தனியாக நின்று தேய்த்தார். என்னைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பிளீச் போட்டுத் தேய்த்ததில் தையல் நூல் விட்டு இருக்கை வாயைப் பிளந்தது. மார்கழிக்கு முன் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தேன், கராஜ் வெறுமையாக இருந்தது. யாரோ வெள்ளைக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

பல வருடம் கழித்துப் பல்கலைக்கழக விடுதியில், கறி வைத்து மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை என் அறைத்தோழி யன்னலோரம் வைத்தாள். நாலு நாள் வெயிலில் அது பழையபடி வெள்ளையாகிவிட்டது. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். அந்த இருக்கையைக் கழற்றி வீட்டு வளவில் வெயிலுக்குப் போட்டிருந்தால் போதும். நான் அடுப்படியில் நின்று பாத்திரத்தைத் தொட்டியில் எறிந்தேன். எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை.

இப்போது அந்தக் கராஜ் இல்லை. அதை இடித்து ஓர் அறை கட்டி, யாரோ மாணவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார் அப்பா. அம்மா அந்தப் பானையை எப்போதோ எறிந்துவிட்டார். மாமா மூன்று வருடத்துக்கு முன் பாரிஸில் காலமானார். போனவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு அவர்மேல் பெரிய கோபம் இல்லை. அவர் கேட்டார். கொடுத்தவர் அப்பா. போன வருடம் அப்பா பழைய அல்பத்தை எடுத்து என் மகளுக்குக் காட்டினார். எருமைக்கு முன்னால் அவரும் மாமாவும் தோளில் கைபோட்டு நிற்கிற படம். "நானும் மாமாவும் செய்தது, அம்மாச்சி" என்று அவளைக் கொஞ்சிச் சொன்னார். மகள் என்னைப் பார்த்தாள், ஏனென்றால் என் பெருவிரல் தழும்பின் கதை அவளுக்குத் தெரியும். "அந்தச் சீற்றெல்லாம் நான் செய்தது, அப்பா" என்றேன். "ஓம் ஓம், நீயும் பக்கத்தில நிண்டனி" என்றார், மிகவும் அன்பாக.

இந்த மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். நான் யாருக்கும் போன் எடுக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன், சிப்ஸ் வேண்டும் என்றாள். மோர்டனில் எங்கள் வீட்டிலிருந்து அவளை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். இது சாதாரண கார், முன் இருக்கை இடப்பக்கம்தான், பரவாயில்லை. கடைகள் பக்கத்திலேயே இருக்க ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் லண்டன் ரோட்டில் இறங்கி, பொண்ட் சுற்றுவட்டத்தை இரண்டு தரம் சுற்றினேன். குளிரில் யன்னலைத் திறந்து கையை வெளியே போட்டுக்கொண்டு வந்தாள் அவள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் எடுத்தார். சுகம் விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் இல்லையா, ஹோல் எல்லாம் முந்தியே சொல்லி வைக்க வேண்டும் என்றார். பிறகு சந்தோஷமாக, "இப்ப எருமை மாதிரிக் கார் வாடகைக்கு விடுகினம், பிள்ளை. வெள்ளைச் சீற்றோட. அதிலதான் அவளைக் கொண்டு வரவேணும்" என்றார்.

"முன் சீற்றில ஆர் இருக்கிறது, அப்பா?" என்று கேட்டேன்.

அப்பா யோசிக்கவேயில்லை. "இதென்ன கேள்வி? தம்பிதானே. அவன்தானே தாய்மாமன்."

மகள் மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அவளுக்கு இன்னும் வரேல்லை, அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.